தாளக்காரரின் கையெழுத்து

பில்லி காபமின் முதல் இசைத்தட்டு ‘ஸ்பெக்ட்ரம்’ செய்த காரியங்கள்

1973-ஆம் வருஷம், மே மாதத்தின் நடுப்பகுதி. நியூயார்க் நகரத்தின் கிரீனிச் வில்லேஜில், மேற்கு எட்டாவது வீதி 52-ஆம் எண் கட்டடத்தின் நிலவறையில், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்ற கிட்டார் மேதை தமக்கென்று ஆசை ஆசையாகக் கட்டுவித்து, திறந்து ஒரு மாதம் ஆவதற்குள் காலமாகிவிட்டதால் அனுபவிக்கக் கொடுத்துவைக்காமல் போன ‘எலெக்ட்ரிக் லேடி’ ஸ்டூடியோவிலே நான்கு வாத்தியக்காரர்கள் மைக்குகளுக்கு நடுவே தயாராக இருக்கிறார்கள். ஒலிநாடா சுழலத் தொடங்குகிறது. இரண்டு பாஸ் டிரம்களை இரண்டு கால்களும் மாறி மாறி மிதிக்க, அந்த ஓட்டத்தின் மீது கிட்டாரும் சிந்தசைசரும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு, எது கம்பியின் நாதம், எது மின்சாரத்தின் நாதம் என்று பிரித்தறிய முடியாதபடி பின்னிப் பிணைந்து போக, நான்கு நிமிஷத்துச் சொச்சத்தில் ‘குவாட்ரன்ட் 4’ என்ற உருப்படி முடிந்துவிடுகிறது. கேட்பவருக்கு மூச்சு வாங்குகிறது. வாசித்தவருக்கு வாங்கியதாகத் தெரியவில்லை.

அந்த டிரம்ஸின் பின்னால் அமர்ந்திருந்தவர் பில்லி காபம். ரெக்கார்டிங் மூன்று நாட்கள் நடந்தது. மூன்றாவது நாளாகிய மே 16 அவருடைய பிறந்தநாள். அன்றோடு அவருக்கு 29 வயது பூர்த்தியாயிற்று. ‘ஸ்பெக்ட்ரம்’ என்று பெயரிட்டு, அந்த வருஷம் அக்டோபரில் அட்லாண்டிக் கம்பெனி வெளியிட்ட அந்த இசைத்தட்டுதான் அவர் தம் சொந்தப் பெயரில் கொண்டுவந்த முதல் தட்டு. ஐம்பது வருஷங்களுக்கு மேல் கழிந்த பிறகும் டிரம்ஸ் பழகும் இளைஞர்கள் அதை ஒரு பாடபுத்தகமாக வைத்துக்கொண்டு சாதகம் செய்கிறார்கள். கிட்டார்க்காரர்கள் அதைத் தங்களுடையதென்று உரிமை கொண்டாடுகிறார்கள். ஜாஸ் ரசிகர்களில் பழமைவாதிகள் இன்றும் அதன் மீது குறை சொல்கிறார்கள். இத்தனை பேருடைய அக்கறைக்கும் அது பாத்திரமானதற்குக் காரணம் வாசிப்பின் வேகமே என்று சாதாரணமாகச் சொல்லப்படுகிறது. அதைவிட முக்கியமான காரணம், தாளம் போடுகிறவன் இசையை இயற்றுகிறவனும் ஆவான் என்பதை அத்தட்டின் உறையே பிரகடனம் செய்தது என்பதுதான் நம்முடைய அபிப்பிராயம்.

பனாமாவிலிருந்து எட்டாவது வீதிக்கு

காபம் 1944-இல் மத்திய அமெரிக்காவிலுள்ள பனாமா தேசத்தில் பிறந்தவர். குழந்தையாக இருந்தபோதே குடும்பம் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் பியானோ வாசிப்பவர். சிறு பையனாக அணிவகுப்பு டிரம் கோஷ்டியில் சேர்ந்து, வலது கைக்கும் இடது கைக்கும் சமமான பலம் வரும்படி அடிப்படைப் பாடங்களைப் போட்டுத் தேய்த்தவர். பிறகு ‘ஹை ஸ்கூல் ஆஃப் மியூசிக் அண்ட் ஆர்ட்’ என்ற புகழ்பெற்ற பள்ளியில் படித்து, 1965 முதல் 1968 வரையில் அமெரிக்க ராணுவத்தின் பாண்டு கோஷ்டியில் உத்தியோகம் பார்த்துவிட்டு, வெளியே வந்ததும் ஹொரஸ் சில்வர் என்ற பியானோ வித்வானுடைய குழுவில் இடம் பெற்றார்.

அதற்கப்புறம் அவருடைய ஏற்றம் துரிதமானது. 1970 ஏப்ரல் 7-ந் தேதி, மைல்ஸ் டேவிஸின் ரெக்கார்டிங்குக்காக ஒரு ஸ்டூடியோவில் காத்திருந்த சமயத்தில், கிட்டார் வாசிக்கும் ஜான் மெக்லாக்லின் சும்மா இருக்கமாட்டாமல் ஏதோ ஒன்றைத் தொடங்க, காபமும் பேஸ் கிட்டார்க்காரரான மைக்கேல் ஹெண்டர்சனும் அதிலே கலந்துகொள்ள, அந்த வேளையில் மைல்ஸ் டேவிஸ் உள்ளே வந்து தம் டிரம்பெட்டை எடுத்துச் சேர்ந்துகொண்டார் என்பது ஜாஸ் சரித்திரத்தில் பிரசித்தமான செய்தி. ‘ஜாக் ஜான்சன்’ தட்டின் ஒரு பக்கம் முழுவதும் வியாபித்திருக்கும் ‘ரைட் ஆஃப்’ அப்படிப் பிறந்தது. மறு வருஷமே மெக்லாக்லின் ‘மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா’வை ஆரம்பித்தபோது டிரம்ஸுக்குக் காபமே போனார். மேடையின் நடுவே, உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடி போன்ற அக்ரிலிக் டிரம்களைச் சுற்றிலும் அடுக்கிக்கொண்டு அவர் வாசித்த காட்சி அந்நாளைய ரசிகர்களின் மனத்தில் பதிந்துவிட்டது.

ஆனால் அந்தக் குழுவின் முதலிரண்டு ஸ்டூடியோத் தட்டுகளிலும் உருப்படிகள் அனைத்துக்கும் இயற்றியவர் என்று அச்சிடப்பட்டிருந்த பெயர் மெக்லாக்லினுடையது ஒன்றுதான். ஐவரும் சேர்ந்து உழைத்த சங்கீதத்துக்கு ஒருவரே ஆசிரியரா என்ற மனக்குறை மற்ற நால்வருக்கிடையே வளர்ந்து, 1973-ஆம் வருஷக் கடைசியில் குழு கலைவதற்கு ஒரு முக்கியமான காரணமாயிற்று. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. குழு உடைவதற்கு ஏழு மாதம் முன்பாகவே, அதே மனிதர் எட்டாவது வீதி நிலவறைக்குள் போய், எல்லா உருப்படிகளுக்கும் தம் பெயரே இயற்றியவர் பெயராக அமையும் ஒரு தட்டை மூன்று நாட்களில் முடித்துக்கொண்டு வெளியே வந்தார் என்பதை மட்டும் வாசகர்கள் கவனித்துக்கொள்ள வேண்டும்.

[பெட்டிச் செய்தி: தட்டின் விவரம்]
*‘ஸ்பெக்ட்ரம்’, அட்லாண்டிக் வெளியீடு, அக்டோபர் 1973. டிரம்ஸ், இயற்றியவர், தயாரிப்பாளர்: பில்லி காபம். கிட்டார்: டாமி போலின். சிந்தசைசர், பியானோ: யான் ஹாமர். பேஸ் கிட்டார்: லீ ஸ்க்ளார். சில உருப்படிகளில் மட்டும் ஜோ ஃபாரல் (புல்லாங்குழல், சாக்ஸஃபோன்), ஜிம்மி ஓவென்ஸ் (டிரம்பெட், ஃப்ளூகல்ஹார்ன்), ஜான் ட்ரோபேயா (கிட்டார்), ரான் கார்ட்டர் (டபுள் பேஸ்), ரே பரெட்டோ (காங்கா). ஒலிப்பதிவு நிபுணர்: கென் ஸ்காட். ஒலிக்கலவை: லண்டன் ட்ரைடெண்ட் ஸ்டூடியோ. ‘பில்போர்டு’ பத்திரிகையின் ஜாஸ் பட்டியலில் முதலிடத்தையும், பொதுப் பட்டியலில் 26-ஆம் இடத்தையும் எட்டியது. ஹெர்பி ஹான்காக்கின் ‘ஹெட் ஹண்டர்ஸ்’ தட்டும் அதே மாதத்தில்தான் வெளிவந்தது.*

ஆள் தேர்ந்த விதம்

ஒரு தலைவனுடைய புத்தியை அவன் தேர்ந்தெடுத்த சகாக்களைக் கொண்டு அளவிடலாம் என்றால், காபம் அந்தப் பரீட்சையில் உயர்ந்த ஸ்தானத்திலே தேறுகிறார். யான் ஹாமர் பிராக் நகரத்தில் பிறந்து, 1968-இல் சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்த பிறகு அமெரிக்கா வந்து சேர்ந்த பியானோக்காரர். மகாவிஷ்ணு குழுவிலும் காபமின் தோழர். சிந்தசைசரில் சுருதியை வளைத்து, கமகம் கொடுத்து, கிட்டாரைப் போலவே அழவைக்கும் வித்தை அவருடைய விசேஷம். லீ ஸ்க்ளார் ஜாஸ் உலகத்தைச் சேர்ந்தவரே அல்லர்; ஜேம்ஸ் டெய்லர் போன்ற மெல்லிசைப் பாடகர்களுக்குப் பின்னணி வாசித்துப் பேரெடுத்தவர். டாமி போலினோ 21 வயது ராக் கிட்டார்க்காரர். இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்கும் பழக்கமில்லாமல் காதையே நம்பி வாழ்ந்தவர்.

நியூயார்க்கில் அந்நாளில் கைதேர்ந்த ஜாஸ் கிட்டார்க்காரர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களை விட்டுவிட்டு, சிக்கலான ஸ்வரக் கோவைகளைக் கற்றறியாத ஒரு வாலிபனைக் காபம் ஏன் அழைத்தார் என்பதற்குத் தட்டைக் கேட்டவுடனே விடை கிடைத்துவிடுகிறது. மெக்லாக்லினைப் போல வாசிக்கும் மற்றொருவர் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. நீண்ட ஒற்றை ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தி, எதிரொலிப் பெட்டியின் வழியாக அதைச் சுழற்றிவிட்டு, நடுவே இடைவெளி விட்டுக் காத்திருக்கத் தெரிந்த ஒருவர்தான் வேண்டியிருந்தார். அந்த இடைவெளிகளில்தான் தாளம் பேசியது.

இரு கைகளின் சுதந்திரம்

டிரம்ஸ் வாசிப்பவர்களில் பெரும்பாலோர் வலக்கையை இடக்கையின் மீது குறுக்கே போட்டு, இடப்புறத்திலுள்ள ஹை-ஹாட் என்னும் இரட்டைத் தட்டத்தை வலக்கையால் தட்டி, அதன் கீழே சிறைப்பட்டிருக்கும் இடக்கையால் ஸ்நேர் டிரம்மை அடிப்பது சம்பிரதாயம். காபம் இந்தச் சம்பிரதாயத்தைக் கைவிட்டார். ஹை-ஹாட்டை இடக்கைக்கே ஒப்படைத்துவிட்டு வலக்கையை விடுதலை செய்தார். இதனால் ஓட்டம் அறுபடாமல் இடக்கையில் ஓடிக்கொண்டிருக்க, வலக்கை ஸ்நேரிலிருந்து டாம்-டாம்களுக்கும், அங்கிருந்து பெரிய தட்டங்களுக்கும் தன் இஷ்டம்போலப் போய்வரலாம்.

நம் கச்சேரிகளில் மிருதங்க வித்வான் இரண்டரை மணி நேரம் பாட்டுக்கு அனுசரணையாக வாசித்துவிட்டு, தனியாவர்த்தனத்துக்கென்று ஒதுக்கிய கால் மணியில் மாத்திரம் தம் கற்பனையைக் காட்டுவது போல, ஜாஸ் உலகிலும் டிரம்ஸ்காரருக்கு ‘சோலோ’ என்று ஒரு நேரம் ஒதுக்கி, மற்ற நேரமெல்லாம் அவர் பின்னணியிலே இருக்க வேண்டும் என்பதே வெகுகாலம் ஏற்பாடாயிருந்தது. மேக்ஸ் ரோச்சும் ஆர்ட் பிளேக்கியும் காபமுக்கு முன்னமே தலைவர்களாக இருந்து இந்த ஏற்பாட்டைத் தளர்த்தியவர்கள். டோனி வில்லியம்ஸ் 1969-இல் ‘லைஃப்டைம்’ குழுவோடு அதை இன்னும் உலுக்கினார். ஆகையால் முதல் மனிதர் என்ற பட்டம் காபமுக்கு உரியதன்று. அவர் செய்தது வேறு. ‘ஸ்பெக்ட்ரம்’ தட்டில் தனி டிரம்ஸ் வாசிப்பு என்பது ‘சர்ச்சிங் ஃபார் தி ரைட் டோர்’, ‘ஆங்ஸைட்டி’ ஆகிய சிறு முன்னுரைகளில் ஒன்றிரண்டு நிமிஷங்களோடு முடிந்துவிடுகிறது. மிச்ச நேரமெல்லாம் அவர் மற்றவர்களுக்காகவே வாசிக்கிறார். ஆனாலும் மற்றவர்கள் எங்கே போகிறார்கள், எப்பொழுது கொதிக்கிறார்கள், எப்பொழுது அடங்குகிறார்கள் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அவருடைய கைகளே.

‘ஸ்ட்ரேடஸ்’

தட்டின் இரண்டாம் பக்கத்துத் தொடக்கமான ‘ஸ்ட்ரேடஸ்’ பத்து நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவானது. ஆரம்பத்தில் சுமார் மூன்று நிமிஷங்கள் மின்னொலிகளும் டிரம்ஸ் உருட்டல்களும் மேகம் கவிவதுபோல் கவிந்துகொண்டே இருக்கின்றன. அதற்குப் பிறகு, ஸ்க்ளாரின் பேஸ் கிட்டார் ஒரு சின்னஞ்சிறு ஸ்வரக் கோவையைத் தொடங்குகிறது. தொடங்கியதைப் பெரும்பாலும் அவர் மாற்றுவதேயில்லை. உருப்படி முடிகிற வரையில் அதே கோவை, அதே அழுத்தம், அதே பிடிவாதம்.

அதன் மேல் காபமின் ஹை-ஹாட் நாலாக நறுக்கிய மாத்திரைகளை ஒன்றுவிடாமல் எண்ணிக்கொண்டு போக, ஸ்நேர் டிரம் இரண்டாவது நான்காவது அடிகளில் ஓங்கி விழ, அந்த ஓங்கிய அடிகளுக்கிடையே காதுக்கு எட்டியும் எட்டாமலும் மெதுவாக விழுகின்ற நுண்ணிய தட்டல்கள் அந்த ஓட்டத்துக்கு உயிரூட்டுகின்றன. போலின் மெள்ள மெள்ளக் கிட்டாரைச் சூடேற்றும்போது டிரம்ஸும் கூடவே ஏறுகிறது. ஆனால் வேகம் இம்மியும் கூடுவதில்லை. லயம் கெடாமல் உணர்ச்சியை மட்டும் உயர்த்துவது எவ்வளவு கடினமான காரியம் என்பது தாளம் போட்டுப் பழகியவர்களுக்கே தெரியும். இந்தத் தட்டு முழுவதும் அழிந்து ஓர் உருப்படி மாத்திரம் எஞ்சக்கூடும் என்றால், எஞ்ச வேண்டியது ‘ஸ்ட்ரேடஸ்’தான் என்று தயங்காமல் சொல்வோம்.

[பெட்டிச் செய்தி: ஃபங்க் என்ற நடை]
*ஜாஸின் பழைய ‘ஸ்விங்’ நடையில் மாத்திரைகள் நீளமும் குறுக்கமுமாக ஊஞ்சலாடிச் செல்லும். 1960-களில் ஜேம்ஸ் பிரவுனின் குழு வளர்த்த ஃபங்க் நடையிலோ மாத்திரைகள் சமமாக நறுக்கப்பட்டு, தாள வட்டத்தின் முதல் அடிக்கு விசேஷமான அழுத்தம் கொடுக்கப்படும். கிட்டார், பேஸ், டிரம்ஸ், ஊதுவாத்தியங்கள் எல்லாம் சிறு சிறு துண்டுகளை வாசித்து, ஒன்றின் மௌனத்தில் மற்றொன்று புகுந்து பொருந்தும். இந்தப் பொருத்தத்தின் மீது ஜாஸின் கற்பனை வாசிப்பை ஏற்றிவைத்தால் கிடைப்பது ஜாஸ்-ஃபங்க்.*

கிட்டார்க்காரர்களின் வாழ்க்கை மாறிற்று

விளைவுகள் எதிர்பாராத இடத்திலே தொடங்கின. இங்கிலாந்தில் ராக் உலகின் தலைசிறந்த கிட்டார்க்காரர்களில் ஒருவராகிய ஜெஃப் பெக், பாடகர்களோடும் குழுக்களோடும் ஒத்துப்போகாமல் அலைக்கழிந்துகொண்டிருந்த காலத்தில் ‘ஸ்பெக்ட்ரம்’ அவர் கைக்கு வந்தது. பாடகரே இல்லாமல், வாய்ப்பாட்டின் ஸ்தானத்தில் கிட்டாரை வைத்து ஒரு முழுத் தட்டை நிறைக்கலாம் என்ற தைரியத்தை அவருக்குத் தந்தவற்றில் இது பிரதானமானது. பீட்டில்ஸ் தயாரிப்பாளரான ஜார்ஜ் மார்ட்டினுடன் சேர்ந்து 1975-இல் அவர் வெளியிட்ட ‘ப்ளோ பை ப்ளோ’ அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம் வரை போயிற்று. அடுத்த வருஷத்து ‘வயர்ட்’ தட்டுக்கு அவர் யான் ஹாமரையே வரவழைத்துக்கொண்டார். முப்பது வருஷங்களுக்குப் பிறகு, 2007-இல் லண்டன் ரானி ஸ்காட்ஸ் கிளப்பில் அவர் வாசித்த புகழ்பெற்ற கச்சேரியிலும் ‘ஸ்ட்ரேடஸ்’ இடம்பெற்றிருக்கிறது. பிரின்ஸும் தம் மேடைகளில் அதை வாசித்ததுண்டு.

டாமி போலினின் கதை வருத்தமளிப்பது. டீப் பர்ப்பிள் குழுவிலிருந்து ரிச்சி பிளாக்மோர் விலகியதும், அவருடைய இடத்துக்கு யாரைத் தேடுவது என்று குழுவினர் தவித்த சமயத்தில், பாடகர் டேவிட் கவர்டேல் ‘ஸ்பெக்ட்ரம்’ தட்டைக் கேட்டுவிட்டுப் போலினைச் சிபாரிசு செய்தார். உலகப் பிரசித்தியான அந்த ஸ்தானம் கிடைத்தது. ‘கம் டேஸ்ட் த பாண்ட்’ என்ற ஒரு தட்டும் வந்தது. குழு 1976-இல் கலைந்தது. அதே வருஷம் டிசம்பர் 4-ந் தேதி, போதைப்பொருளின் பிடியிலிருந்து மீளாமல், மயாமி நகரத்தில் ஒரு ஹோட்டல் அறையிலே போலின் இறந்துபோனார். வயது 25. தம் பெயரில் இரண்டு தட்டுகளை வெளியிட்டிருந்தார். என்றாலும் அவருடைய கை எவ்வளவு தூரம் போகக்கூடியது என்பதை அறிய விரும்புகிறவர்கள் இன்றும் காபமின் தட்டைத்தான் தேடிப் போகிறார்கள்.

தாளம் யாருடைய சொத்து?

1991-இல் பிரிஸ்டல் நகரத்து ‘மாஸிவ் அட்டாக்’ கோஷ்டி ‘ப்ளூ லைன்ஸ்’ என்ற தங்களுடைய முதல் தட்டை வெளியிட்டது. அதன் முதல் பாட்டான ‘சேஃப் ஃப்ரம் ஹார்ம்’, ஷாரா நெல்சன் பாடியது, ‘ஸ்ட்ரேடஸி’லிருந்து வெட்டியெடுத்த பேஸ், டிரம்ஸ் துண்டின் மீதே முழுக்க முழுக்க நிற்கிறது. 1973-இல் பிறந்தே இராத பிள்ளைகள் நடன அரங்குகளில் அந்தத் துண்டைக் கேட்டார்கள். அதைத் தொடர்ந்து ‘டிரிப்-ஹாப்’ என்ற ஒரு நடையே பிரசித்தமாயிற்று. இரண்டு வருஷம் கழித்து, கலிஃபோர்னியாவின் ‘சோல்ஸ் ஆஃப் மிஸ்சீஃப்’ என்ற ஹிப்-ஹாப் கோஷ்டி, காபமின் அடுத்த தட்டான ‘க்ராஸ்விண்ட்ஸி’லுள்ள ‘ஹெதர்’ என்ற மென்மையான உருப்படியை எடுத்துக்கொண்டு ‘93 டில் இன்ஃபினிட்டி’யைச் செய்தது.

இங்கேதான் நாம் தொடக்கத்தில் சொன்ன உறையின் பிரகடனம் காசாகப் பலன் கொடுத்தது. ‘சேஃப் ஃப்ரம் ஹார்ம்’ பாட்டை இயற்றியவர்களின் வரிசையில் பில்லி காபம் என்ற பெயரும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஓர் இசைத்தட்டுக்கு இரண்டு விதமான உரிமைகள் உண்டு. பதிவு செய்யப்பட்ட ஒலியின் உரிமை ஒன்று. அது பெரும்பாலும் கம்பெனிக்குப் போகும். இயற்றிய சங்கீதத்தின் உரிமை மற்றொன்று; அது இயற்றியவருக்குப் போகும். அன்றாடக் கூலிக்கு வந்து டிரம்ஸ் வாசித்துவிட்டுப் போகிறவருக்கு இந்த இரண்டில் எதுவுமே இல்லை. மெட்டும் சாகித்தியமும்தான் சங்கீதம், தாளம் வெறும் அலங்காரம் என்ற எண்ணம் வழக்கத்தில் வேரூன்றியிருந்த காலத்தில், மெட்டையும் தாமே எழுதித் தம் பெயரைப் பதித்துக்கொண்ட டிரம்ஸ்காரர் தம் தாளத்தையும் சேர்த்துக் காப்பாற்றிக்கொண்டார்.

அப்படிச் செய்துகொள்ள முடியாதவர்களுக்கு என்ன நேர்ந்தது? ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் கிளைட் ஸ்டபில்ஃபீல்ட் என்ற டிரம்ஸ்காரர் இருந்தார். 1969 நவம்பரில் சின்சினாட்டி நகரத்தில் அவர் ‘ஃபங்க்கி டிரம்மர்’ உருப்படியில் வாசித்த சில விநாடித் துண்டு, பப்ளிக் எனிமியின் ‘ஃபைட் த பவர்’ உள்பட நூற்றுக்கணக்கான ஹிப்-ஹாப் பாட்டுகளுக்கு முதுகெலும்பாயிற்று. உருப்படியின் பெயரே டிரம்ஸ்காரரைப் பற்றியது. ஆனால் இயற்றியவர் என்று அச்சானது ஜேம்ஸ் பிரவுன். ஸ்டபில்ஃபீல்ட் 2017-இல் காலமாகும் வரை, தம் வாசிப்பால் மற்றவர்கள் சம்பாதித்த செல்வத்திலிருந்து அவருக்கு உரிமையாக வந்து சேர வேண்டியது வந்து சேரவில்லை.

கிரெகரி கோல்மன் விஷயம் இன்னும் கொடுமை. ‘வின்ஸ்டன்ஸ்’ என்ற குழுவில், அதே 1969-இல், ‘ஆமென், பிரதர்’ உருப்படியின் நடுவே நாலே ஆவர்த்தனம், ஏறக்குறைய ஏழு விநாடி, அவர் தனியாக டிரம்ஸ் வாசித்தார். அந்த ஏழு விநாடியை வெட்டி, மறுபடி அடுக்கி, வேகப்படுத்தி, இங்கிலாந்தில் ‘ஜங்கிள்’, ‘டிரம் அண்ட் பேஸ்’ என்ற நடைகளே கட்டி எழுப்பப்பட்டன. கோல்மன் 2006-இல் அட்லாண்டாவில் வறுமையில் இறந்தார். அந்தத் துண்டின் பேரால் அவருக்குக் கிடைத்த தொகை ஏதுமில்லை.

இந்த மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, திறமையில் இவர் அவருக்கு மேல் என்று எவரும் சொல்ல முடியாது. ஸ்டபில்ஃபீல்டின் அந்தச் சில விநாடிகளுக்கு இணையான லயம் காபமிடம்கூடச் சில இடங்களில்தான் உண்டு. வித்தியாசம் காகிதத்தில் இருந்தது. அந்தக் காகிதம் ஒருவருக்கு மட்டும் வாய்த்தது என்பது சங்கீத உலகத்தின் அநீதி. அதை அநீதி என்றே சொல்ல வேண்டும்.

கூட்டம் கலைந்து போன திசைகள்

மகாவிஷ்ணு குழுவில் ஏழும் ஒன்பதுமாக எண்ணும் தாளங்கள் சர்வ சாதாரணமாகப் புழங்கியதற்குப் பின்னால் ஒரு தமிழ்த் தொடர்பு உண்டு என்பதை நம் வாசகர்களில் சிலர் அறிந்திருக்கலாம். மெக்லாக்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் சர்வகலாசாலையில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர். குழு கலைந்த பின்பு காபம் ஃபங்க்கின் திசையில் போக, மெக்லாக்லின் மின்சார வாத்தியங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, எல். சங்கரின் வயலின், விக்கு விநாயக்ராமின் கடம், ராம்நாட் ராகவனின் மிருதங்கம், ஜாகிர் உசேனின் தபலா ஆகியவற்றோடு ‘சக்தி’ குழுவை நிறுவினார். 2024-இல் ‘திஸ் மொமெண்ட்’ தட்டுக்குக் கிராமி பரிசு பெற்ற சக்தியில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் கஞ்சிரா வாசித்தார். ஒரு குழு உடைந்ததால் இரண்டு வளமான வழிகள் பிறந்தன.

காபம் தம் வழியிலே நிற்காமல் நடந்தார். 1974-இல் மட்டும் ‘க்ராஸ்விண்ட்ஸ்’, ‘டோட்டல் எக்லிப்ஸ்’ என்று இரண்டு தட்டுகள். பிரெக்கர் சகோதரர்களின் ஊதுவாத்தியங்களும் ஜான் அபர்கிராம்பியின் கிட்டாரும் அவற்றிலே சேர்ந்துகொண்டன. பிற்காலத்தில் ஸ்விட்சர்லாந்தில் குடியேறி, வாசித்துக்கொண்டும் கற்பித்துக்கொண்டும் இருந்தார்.

குறைகளும் உண்டு

‘ஸ்பெக்ட்ரம்’ தட்டைப் புகழும்போது அதன் குறைகளை மறைப்பது ரசிகனுக்கு அழகல்ல. ‘ஸ்னூப்பீஸ் சர்ச்’ போன்ற மின்னொலி முன்னுரைகள் 1973-இல் புதுமையாகத் தோன்றியிருக்கும். இன்று அவை பழைய இயந்திரத்தின் முனகலாகவே படுகின்றன. ‘லெ லிஸ்’ இனிமையானது. ஆயினும் ரான் கார்ட்டர், ஜோ ஃபாரல் போன்ற பெரிய வித்வான்களை அழைத்துவைத்து அவர்களுக்குப் போதுமான இடம் கொடுக்காமல் விட்டது ஒரு நஷ்டமே.

இவற்றைவிடப் பெரிய கெடுதல் தட்டுக்கு வெளியே நிகழ்ந்தது. ‘குவாட்ரன்ட் 4’-ஐக் கேட்ட ஆயிரமாயிரம் வாலிபர்கள் அதன் வேகத்தை மட்டும் கற்றுக்கொண்டார்கள். இரண்டு பாஸ் டிரம்கள், பத்துப் பன்னிரண்டு டாம்-டாம்கள், அவற்றை உருட்டி முழங்கும் மல்யுத்தம் என்று எழுபதுகளின் பிற்பகுதியில் ஜாஸ்-ராக் வாசிப்பு சரீரப் பயிற்சியாகச் சீரழிந்ததற்கு இந்தத் தட்டும் ஒரு காரணம் என்று பழமைவாதிகள் சொல்லும் குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதிக்குப் பொறுப்பு, ‘ஸ்ட்ரேடஸி’ன் பொறுமையைக் கேட்டும் கேளாதவர்களாக இருந்தவர்களையே சேரும்.

இதுவரை ‘ஸ்பெக்ட்ரம்’ கேட்டிராத வாசகர்கள் முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். ‘ஸ்ட்ரேடஸை’ முதலில் போடுங்கள். ஆரம்பத்து மூன்று நிமிஷங்களைத் தள்ளிவிடாமல் பொறுத்திருங்கள். பேஸ் கிட்டார் வந்ததும் தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டு, ஹை-ஹாட் ஓசையை மாத்திரம் கடைசி வரையில் பின்தொடருங்கள். அடுத்தபடியாகக் கேட்க வேண்டியது, தட்டின் கடைசி உருப்படியான ‘ரெட் பேரன்’. அது வேகமில்லாதது, சாவதானமாக நடந்து போவது. காபம் எவ்வளவு பெரிய வாத்தியக்காரர் என்பதற்கு, ‘குவாட்ரன்ட் 4’-ஐக் காட்டிலும் இந்த நிதானமான நடையே நல்ல சாட்சி.